டிண்டாலுக்கு உப்புத் தட்டு, நமக்குப் பாலித்தீன் உறை: காலநிலை அறிவியலின் வரலாற்றை வகுப்பில் நடத்துவது

பாடப்புத்தகத்தில் காலநிலை மாற்றம் பெரும்பாலும் முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது, மரம் நடுவோம். பிள்ளைகள் அதை ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஒருத்தி எழுந்து, "காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு பங்குதான் கார்பன் டை ஆக்சைடு. அது எப்படி உலகத்தையே சூடாக்கும்?" என்று கேட்டால் அந்த மூன்று வரியில் பதில் கிடைக்காது.

நல்ல கேள்வி அது. 1900இல் சுவீடனில் ஓர் இயற்பியலாளர் கிட்டத்தட்ட இதே ஐயத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து, கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டினார். அவர் எங்கே தவறினார் என்பது தெளிவாக விளங்க அரை நூற்றாண்டு பிடித்தது. ஆகவே இந்த வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் படவரிசையாக நடத்துவதைவிட, ஐயங்களின் வரிசையாக நடத்துவதே சரி என்பேன். பீரியடுக்கு ஓர் ஐயம், அதைத் தீர்த்த ஓர் அளவீடு, முடிந்தால் அந்த அளவீட்டின் எளிய வடிவம் மாணவர் கையில். 45 நிமிட பீரியடுகள் ஏழெட்டு இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கின் ஆழம் மட்டும்தான் மாறும்.

பனியுகத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் பீரியடில் புவி வெப்பமாதல் என்ற சொல்லே வர வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலை சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் ஆல்ப்ஸ் மலையைச் சேர்ந்த பெரிய கருங்கல் பாறைகள் அங்கங்கே தனியாகக் கிடக்கின்றன. யார் கொண்டுவந்து போட்டது? இதைக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் வகுப்பைப் பேச விடுங்கள். வெள்ளம் என்பார்கள், எரிமலை என்பார்கள். அந்தக் காலத்து அறிஞர்களும் வெள்ளம் என்றுதான் சொன்னார்கள். 1837இல் லூயி அகாசி, ஒரு காலத்தில் பனியாறுகள் அந்தப் பகுதி முழுவதையும் மூடியிருந்தன, அவைதான் இந்தக் கற்களைச் சுமந்து வந்தன என்றார். அப்படியானால் பூமி ஏன் அவ்வளவு குளிர்ந்தது, பிறகு ஏன் சூடானது? எந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது என்று பின்னாளில் அளந்த டிண்டாலையும், கார்பன் டை ஆக்சைடு கூடினால் எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்ட அரீனியஸையும் இழுத்துவந்தது இந்தக் கேள்விதான். அவர்கள் யாரும் வெப்பமாதலைத் தேடிப் போகவில்லை. இது முதலிலேயே மனதில் பதிந்துவிட்டால், யாரோ ஒரு முடிவை வைத்துக்கொண்டு ஆதாரம் சேர்த்தார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்குப் பிறகு வராது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியேவுக்கு அரை பீரியட் போதும். 1824இல் அவர் கேட்டது: சூரியன் தினமும் வெப்பத்தைக் கொட்டுகிறது, பூமி அதை எப்படி வெளியேற்றுகிறது, அதன் வெப்பநிலையை எது தீர்மானிக்கிறது? வெளிச்சமாக வரும் வெப்பம் காற்றை எளிதாகக் கடக்கிறது, பூமியிலிருந்து திரும்பும் இருண்ட வெப்பத்துக்கு (இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்) அந்தப் பாதை கடினமாக இருக்கிறது என்றார். அடுக்கடுக்காகக் கண்ணாடி போட்டு சொஸ்ஸூர் செய்த வெயில் பெட்டியை எடுத்துக்காட்டினார். பசுமை இல்ல விளைவு என்ற பெயரை அவர் வைக்கவில்லை. பல வினாத்தாள்களில் இது தவறாக வருகிறது. விண்வெளிக்கே ஒரு வெப்பநிலை இருந்து அது பூமியைக் கதகதப்பாக வைத்திருக்கிறது என்றும் அவர் நம்பினார். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டு என்றால் இங்கேயே ஒரு கணக்கு போடலாம். பூமிக்கு வந்துசேரும் வெயிலின் அளவான சூரிய மாறிலி சதுர மீட்டருக்கு 1361 வாட். அதில் 30 விழுக்காடு எதிரொளித்துப் போய்விடுகிறது. மீதியை 4ஆல் வகுத்தால் 238 வாட். ஸ்டெஃபான் போல்ட்ஸ்மான் விதிப்படி அதற்குரிய வெப்பநிலை 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். தரையின் உண்மையான சராசரி சுமார் 15 டிகிரி. இடையில் இருக்கும் 33 டிகிரியைப் பலகையின் மூலையில் எழுதி வையுங்கள், அழிக்க வேண்டாம். 4ஆல் ஏன் வகுக்கிறோம் என்பதில்தான் மாணவர் திணறுவார்கள். ஒரு பந்தைச் சுவரருகே பிடித்து நிழலைக் காட்டினால் விளங்கிவிடும்: வெயிலை மறிப்பது வட்டம், வெப்பத்தை வெளியே விடுவது முழுக் கோளம்.

பாட்டில் சோதனையில் இருக்கும் பொறி

அடுத்து யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1856 ஆகஸ்டில் ஆல்பனி நகரில் நடந்த அமெரிக்க அறிவியல் சங்கக் கூட்டத்தில் அவருடைய கட்டுரையை ஜோசப் ஹென்றி வாசித்தார். 4 அங்குல விட்டமும் 30 அங்குல நீளமும் கொண்ட இரண்டு கண்ணாடி உருளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெப்பமானிகள், ஒரு காற்றுப் பம்ப். இவ்வளவுதான் கருவி. வெயிலில் வைத்தபோது சாதாரணக் காற்று 100 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறிய நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு 120ஐத் தொட்டது. நிழலுக்கு நகர்த்தியபின் ஆறவும் அதற்குப் பல மடங்கு நேரம் பிடித்தது. இந்த வாயு காற்றில் அதிகமாக இருந்த ஒரு காலம் இருந்திருந்தால் பூமி அப்போது இன்னும் சூடாக இருந்திருக்கும் என்று எழுதினார். அந்த வாக்கியத்தை எழுதிய முதல் ஆள் அவர். 2011இல் ஓய்வுபெற்ற ஒரு புவியியலாளர் எடுத்துக்காட்டும் வரை அறிவியல் உலகம் அவரை மறந்தே போயிருந்தது.

இதை வகுப்பில் செய்துகாட்டப் பலரும் எடுப்பது இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், வினிகர், சமையல் சோடா, ஒரு விளக்கு. கார்பன் டை ஆக்சைடு உள்ள பாட்டில் கூடுதலாகச் சூடாகும், பசுமை இல்ல விளைவை நிரூபித்துவிட்டோம் என்று பாடம் முடியும். தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள். 2010இல் இயற்பியலாளர்கள் இதே சோதனையை ஆர்கான் வாயுவை வைத்துச் செய்தார்கள். ஆர்கான் அகச்சிவப்பை உறிஞ்சாது, ஆனால் கார்பன் டை ஆக்சைடைப் போலவே காற்றைவிடக் கனமானது. ஏறத்தாழ அதே வெப்ப உயர்வு வந்தது. கனமான வாயு அடியில் தங்கி மேலே இருக்கும் காற்றோடு கலக்காமல் இருப்பதுதான் அங்கே பெரும்பாலும் வேலை செய்கிறது. போதாததற்கு, பாட்டிலின் சுவரே நீண்ட அலை அகச்சிவப்பைத் தானும் உறிஞ்சுகிறது. விளக்கு வெப்பமானியின் மேல் நேராக விழுந்தால் அது காட்டுவது வாயுவின் வெப்பநிலையும் அல்ல.

சோதனையை விட்டுவிட வேண்டாம். ஃபுட் செய்த சோதனை என்று சொல்லிச் செய்யுங்கள், பிறகு "இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது?" என்று கேளுங்கள். பாட்டில்களை இடம் மாற்றி மறுபடி செய்யச் சொல்லுங்கள். வெப்பமானியின் குமிழுக்கு அலுமினியத் தாளில் ஒரு சிறு குடை கட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் சுருங்குவதை அவர்களே பார்ப்பார்கள். ஃபுட் வெயிலையும் பூமி திருப்பி விடும் இருண்ட வெப்பத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை, அந்தக் கருவியால் பிரிக்கவும் முடியாது என்பது அப்போது தானாகப் புரியும். பிரித்தவர் டிண்டால்.

டிண்டாலுக்கு இரண்டு பீரியட்

தேவையான பொருள்கள்: சதுரமான எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று, அகல் விளக்கு, 3 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு (ஓரம் தேய்த்தது), தொட்டால் சத்தம் போடாத மெத்தென்ற மெல்லிய பாலித்தீன் உறை, ஆய்வுக்கூட வெப்பமானி, துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி. கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த வகை உதவாது. அது மனித உடல் வெப்பத்துக்கு வெளியே போனால் வாசிப்பே தராது. மைனஸ் 50 வரை இறங்கும் தொழிற்சாலை வகைதான் வேண்டும். 12:1 என்று அதன் மேல் போட்டிருந்தால், 12 சென்டிமீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது என்று பொருள். தூரம் கூடினால் வட்டமும் பெரிதாகி, பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்துச் சராசரி காட்டிவிடும்.

பாக்ஸின் ஒரு பக்கத்தை அகல் விளக்கின் சுடருக்கு மேல் பிடித்துக் கரி படிய வையுங்கள். எதிர்ப்பக்கம் பளபளவென்றே இருக்கட்டும். உள்ளே 80 டிகிரி வெந்நீர் ஊற்றி மூடுங்கள். கருத்த பக்கத்தில் 10 சென்டிமீட்டரில் பிடித்தால் வெந்நீரின் வெப்பநிலைக்கு அருகில் காட்டும். பளபளப்பான பக்கம் மிகக் குறைவாகக் காட்டும். தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே சூடு! முதலில் கருவி கெட்டுவிட்டது என்பார்கள். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே உள்ளங்கையைக் கொண்டுபோனால் வாசிப்பு மாறும். மெருகேறிய உலோகம் தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிராக விடுகிறது, கருவி காண்பது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிம்பத்தை. டிண்டால் பயன்படுத்திய வெந்நீர்ப் பெட்டிக்கும் இதனால்தான் கரி பூசினார்கள்.

இனி கண்ணாடி. கருத்த பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் கண்ணாடித் துண்டைப் பிடித்து உடனே வாசியுங்கள். 30 சொச்சம் காட்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பெட்டி, கருவிக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டுப் பாலித்தீன் உறையைப் பிடித்தால் வாசிப்பு சில டிகிரிதான் இறங்கும். உறை பெட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான வகுப்புகளில் இங்கே ஒரு குளறுபடி நடக்கும். கண்ணாடியை இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருப்பவர்களுக்கு வாசிப்பு மெல்ல ஏறும். "கண்ணாடியும் விடுகிறது" என்பார்கள். அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள், இந்தப் பாடத்தின் உயிரே அதில் இருக்கிறது. கண்ணாடி கதிரைக் கடந்துபோக விடவில்லை. உறிஞ்சி, தானே சூடாகி, தன் கதிரை இரண்டு பக்கமும் விடுகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் செய்வது அதையேதான். வெப்பம் அடைபட்டுக் கிடக்கிறது என்று எழுதும் மாணவனுக்கு இதைப் பார்த்தபின் அந்தச் சொல் போதாமல் போகும்.

இதை அனுபவித்தபின் 1859இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டிண்டாலுக்கு என்ன சிக்கல் என்று சொல்லுங்கள். வாயுவைக் குழாயில் அடைக்க வேண்டும், ஆனால் முனையில் கண்ணாடி போட்டால் கதிர் உள்ளேயே போகாது. அவர் மெருகேற்றிய பாறை உப்புத் தட்டுகளைப் போட்டார். உப்பு அந்தக் கதிருக்கு வழி விடும். நமக்குப் பாலித்தீன். இரண்டாவது சிக்கல், வாயு உறிஞ்சுவது பெரிய கதிர்வீச்சில் ஒரு சிறு பங்கு. பெரிய விலகலில் சிறிய மாற்றம், முள் அசைந்து மின்னோட்டத்தைக் காட்டும் அவருடைய கால்வனாமீட்டரில் தெரியாது. எனவே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெந்நீர்ப் பெட்டி வைத்து முள்ளைச் சுழியில் சமன் செய்தார், தராசின் இரண்டு தட்டு மாதிரி. அதன்பின் வாயுவை விட்டால், முள் நகர்வது முழுக்க வாயுவின் வேலை. ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏறக்குறைய முள்ளை அசைக்கவில்லை. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அசைத்தன. காற்றில் 99 விழுக்காடு எதுவும் செய்யாதபோது மீதிச் சிறு பங்கு எப்படி எல்லாவற்றையும் செய்கிறது என்ற அந்த மாணவியின் கேள்வியில் பாதி இங்கே தீர்ந்துவிடுகிறது.

பெர்லினில் மாக்னஸ் என்பவர் இதை மறுத்தார். உப்பு ஈரத்தை இழுக்கும், தட்டின் மேல் படிந்த நீர்ப்படலம் உறிஞ்சியதைத்தான் டிண்டால் நீராவி உறிஞ்சியதாக எண்ணுகிறார் என்றார். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்த யாருக்கும் இந்த ஐயம் நியாயமாகவே படும். டிண்டால் தட்டுகளையே கழற்றிவிட்டுத் திறந்த குழாயில் அளந்து காட்டினார். எதிர்ப்பு வந்ததால் அளவீடு உறுதிப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. உற்சாகத்தில், பலூனில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி இதே துப்பாக்கியால் அளக்கத் தோன்றும். ஒன்றும் தெரியாது. இந்த வெப்பமானி 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளம் உள்ள கதிரைத்தான் பார்க்கிறது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சுவது 4.3 மைக்ரானிலும் 15 மைக்ரானை ஒட்டியும். நடுவில் இருப்பது காற்றின் ஜன்னல். அதனால்தான் தூரத்துச் சுவரைக்கூட இந்தக் கருவியால் அளக்க முடிகிறது. இந்த ஜன்னலை நினைவில் வைக்கச் சொல்லுங்கள், கடைசி பீரியடில் வேண்டும்.

பசுமை இல்ல விளைவு என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான கண்ணாடிக் குடில் சூடாவது முக்கியமாகக் காற்று வெளியேறாததால். 1909இல் ஆர். டபிள்யூ. வுட் கண்ணாடி மூடிய பெட்டியையும் உப்புத் தட்டு மூடிய பெட்டியையும் வெயிலில் வைத்து, பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டினார். பெயர் பொருந்தவில்லை, இயற்பியல் சரிதான்.

அரீனியஸின் அட்டவணை

அரீனியஸ் 1896இல் வெளியிட்டது தாளில் கையால் போட்ட கணக்கு. அவருக்கு அளவீடு கொடுத்தது நிலா. சாமுவேல் லாங்லி என்ற அமெரிக்கர் நிலவிலிருந்து வரும் அகச்சிவப்பை அளந்து வைத்திருந்தார். நிலா உச்சியில் இருக்கும்போது கதிர் குறைந்த காற்றைக் கடக்கிறது, அடிவானத்தருகே இருக்கும்போது அதிகக் காற்றைக் கடக்கிறது. கூடுதல் காற்று எவ்வளவு கூடுதலாக உறிஞ்சுகிறது என்று ஒப்பிடலாம்.

மாணவர்களுக்கு அவருடைய அட்டவணையின் சாரத்தைக் கொடுங்கள்: கார்பன் டை ஆக்சைடு 0.67 மடங்கானால் சுமார் 3 டிகிரி குளிரும், 1.5 மடங்கானால் 3 டிகிரிக்குச் சற்று மேலாகச் சூடாகும், 2 மடங்கானால் 5 முதல் 6 டிகிரி. சாதாரண வரைபடத்தாளில் குறித்தால் கோடு வளையும். மடங்குகளை மடக்கை அளவில் குறித்தால் ஏறக்குறைய நேராகும். மடக்கை படிக்காத வகுப்பென்றால், 0.67 என்பது 1.5இன் தலைகீழ் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். ஒன்றரை மடங்கு ஏற்றினால் 3 டிகிரி, ஒன்றரை மடங்கு இறக்கினாலும் 3 டிகிரி. இதைக் கண்ட மாணவர், கூட்டல் படிக்கும் பெருக்கல் படிக்கும் உள்ள உறவைக் கண்டுகொண்டார்.

அவர் வெப்பமாதலைக் கண்டு அஞ்சி எச்சரித்ததாக எழுதுவது தவறு. குளிர் நாட்டுக்காரர், சூடு கூடினால் நல்லது என்றே நினைத்தார். நிலக்கரி எரிந்து வாயு இரட்டிப்பாக ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகும் என்பதும் அவர் கணிப்பு. எரிப்பு பெருகப்போகும் வேகம் அன்றைய மனிதருக்குத் தெரியவில்லை.

தவறிய சோதனைக்கு ஒரு முழு பீரியட்

மேலே சொன்ன அந்தச் சுவீடன் இயற்பியலாளர் க்நூட் ஆங்ஸ்ட்ராம். மிகச் சிறிய நீளங்களை அளக்கும் ஆங்ஸ்ட்ராம் அலகுக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராமின் மகன். 1900இல் 30 சென்டிமீட்டர் குழாயில் கார்பன் டை ஆக்சைடை அடைத்து, பிறகு அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துப் பார்த்தார். உறிஞ்சுதல் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஏற்கெனவே முழுதும் உறிஞ்சியாகிவிட்டது, கூடுதல் வாயுவுக்கு வேலை இல்லை என்று முடிவானது. ஜன்னலில் கனத்த திரை போட்டபின் இரண்டாவது திரை போட்டால் அறை கூடுதலாக இருட்டாகாது அல்லவா? இந்த வாதத்தை முழு வலுவோடு நடத்துங்கள். வகுப்பு அவர் பக்கம் சாய்ந்தால்தான் அடுத்த அரை மணி நேரம் பயன்படும்.

பிறகு பலகை மூலையில் இருக்கும் 33ஐக் காட்டுங்கள். உயரம் கூடக் கூடக் காற்று கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. 33ஐ 6.5ஆல் வகுத்தால் சுமார் 5 கிலோமீட்டர். விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமி மைனஸ் 18 டிகிரியாகத் தெரிவது, அதன் கதிர் சராசரியாக அந்த உயரத்திலிருந்து தப்பிப்பதால். கீழே கதிர் எத்தனை முறை உறிஞ்சப்பட்டாலும், கடைசியாக எந்த உயரத்திலிருந்து வெளியேறுகிறது என்பதே கணக்கு. மேலே காற்று மெல்லியது, அங்கே வாயு நிறைந்துவிடவில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் தப்பிக்கும் உயரம் மேலே நகரும். மேலே குளிர் அதிகம், குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர் விடும். வரவு அதே, செலவு குறைவு. கணக்கு மறுபடி சமனாகும் வரை கீழே எல்லாம் சூடாக வேண்டும். ஆங்ஸ்ட்ராமின் குழாயில் உயரம் என்பதே இல்லை.

வரைபடத்தாளில் இதை வரைய வையுங்கள். கிடை அச்சில் வெப்பநிலை, நிலை அச்சில் உயரம். தரையில் 15, 5 கிலோமீட்டரில் மைனஸ் 18, நடுவே சாய்கோடு. வாயு இரட்டிப்பானால் தப்பிக்கும் உயரம் ஏறக்குறைய 150 மீட்டர் ஏறும். 1 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் என்று வரைந்தால் அது வெறும் ஒன்றரை மில்லிமீட்டர், பென்சில் கோட்டிலேயே மறைந்துவிடும். முதலில் 1 கிலோமீட்டர் ஏறியதாக மிகைப்படுத்தி வரையச் சொல்லுங்கள். அந்தப் புதிய உயரத்தில் மைனஸ் 18 வரும் வரை, சாய்வு மாறாமல் முழுக்கோட்டையும் வலப்பக்கம் நகர்த்தினால் தரை 6.5 டிகிரி ஏறுவது தெரியும். பிறகு 150 மீட்டருக்குக் கணக்கு: 0.15 பெருக்கல் 6.5, கிட்டத்தட்ட 1 டிகிரி. இது கார்பன் டை ஆக்சைடு தனியாகச் செய்வது மட்டும். சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், பனிப்பரப்பு சுருங்கும், அதனால் விளைவு பெருகும். இன்றைய சிறந்த மதிப்பீடு 3 டிகிரி.

காலெண்டரிலிருந்து கீலிங் வரை

கை காலெண்டர் (Guy Callendar) என்பவர் நீராவிப் பொறியியலாளர், வானிலைத் துறையில் வேலை பார்த்தவர் அல்ல. 1938இல் உலகின் 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைக் கூட்டிக் கழித்து, நிலம் ஏற்கெனவே சூடாகிவருகிறது என்றார். கூட்டத்தில் கேட்டவர்கள் நம்பவில்லை. பிளாஸ் என்ற இயற்பியலாளர் 1956இல் கணினியின் உதவியோடு அகச்சிவப்புக் கணக்கைப் போட்டு, இரட்டிப்புக்கு 3.6 டிகிரி என்றார். இவ்விருவருக்கும் கால் பீரியட் போதும்.

அதைவிட நேரம் கேட்பது, கூடும் வாயு எரிபொருளிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும் என்பது. கதிரியக்கக் கார்பனான கார்பன் 14இன் அரை ஆயுள் 5730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. அந்தப் புகை காற்றில் கலந்தால் கார்பன் 14இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். ஹான்ஸ் சூஸ் 1955இல் மரக்கட்டையில் அந்த நீர்ப்பைக் கண்டார். அணுகுண்டுச் சோதனைகள் அதன்பின் கார்பன் 14ஐ ஏராளமாகக் காற்றில் சேர்த்துவிட்டதால், இந்தத் தடயத்தை அதற்கு முந்தைய மர வளையங்களில்தான் சுத்தமாகப் பார்க்க முடியும். கடல் எல்லாவற்றையும் குடித்துவிடும் என்ற ஆறுதலை ரெவெலும் சூஸும் 1957இல் அசைத்தார்கள்: காற்றில் வாயு 10 விழுக்காடு கூடினால், கடலின் மேல்நீரில் கரைந்த கார்பன் 1 விழுக்காடு அளவே கூடுகிறது.

கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலையில், சுமார் 3400 மீட்டர் உயரத்தில் அளக்கத் தொடங்கினார். முதல் வாசிப்பு 313 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 313 பங்கு. மாணவர்கள் வரைய ஆண்டுச் சராசரிகள்: 1960இல் 317, 1970இல் 326, 1980இல் 339, 1990இல் 354, 2000இல் 370, 2010இல் 390, 2020இல் 414. வரைந்ததும் ஒவ்வொரு பத்தாண்டின் ஏற்றத்தையும் கழித்து எழுதச் சொல்லுங்கள்: 9, 13, 15, 16, 20, 24. கோடு ஏறுகிறது என்பதைவிட, ஏறும் வேகமும் ஏறுகிறது என்பது அந்த வரிசையில்தான் கண்ணில் படும். ஆண்டுக்குள் வரும் மேடு பள்ளத்தையும் காட்டுங்கள்: மே மாதம் உச்சம், செப்டம்பர் வாக்கில் அடிமட்டம், வித்தியாசம் 6 பிபிஎம் அளவு. வடகோளத்துச் செடிகொடிகள் கோடையில் இழுத்துக்கொண்டு குளிர்காலத்தில் விடுகின்றன.

எரிமலை மேல் வைத்து அளந்தால் எரிமலைப் புகைதானே தெரியும் என்று ஒருவர் கேட்பார், கேட்க வேண்டும். சரிவில் இறங்கும் காற்றோடு அந்தப் புகை வரும் நேரங்களில் வாசிப்பு தாறுமாறாகக் குதிக்கும், அவற்றைத் தனியே பிரித்துவிடுகிறார்கள். எரிமலையே இல்லாத தென்துருவ நிலையமும் அதே ஏற்றத்தைக் காட்டுகிறது.

பள்ளியில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குவதானால், அகச்சிவப்பு வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். அதற்குள் ஒரு சிறு அகச்சிவப்பு விளக்கு, ஒரு குழாய், ஓர் உணரி: டிண்டாலின் கருவியேதான், 4.3 மைக்ரானில். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து கார்பன் டை ஆக்சைடு என்று ஊகித்து எண் காட்டும். சானிடைசர் தடவிய கையை அருகே கொண்டுபோனதும் எண் எகிறினால் அது அந்த வகை. பல மீட்டர்கள் அண்மை நாள்களின் மிகக் குறைந்த வாசிப்பை 400 என்று தாமே வைத்துக்கொள்ளும். மூடிய அறையிலேயே கிடந்தால் அளவு பிசகும், அடிக்கடி திறந்தவெளியில் வைக்க வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பின் கதவை அடைத்தால் எண் 1000ஐத் தாண்டுவது பார்க்கப் பார்க்கத் தெரியும். ஆனால் இந்த மீட்டரின் பிழையே 50 பிபிஎம் போல வரும். ஆண்டின் 6 பிபிஎம் அலையை இதனால் பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். கீலிங்கின் நுட்பம் எவ்வளவு பெரியது என்று அப்போது விளங்கும்.

எழுபதுகளில் விஞ்ஞானிகள் பனியுகம் வரும் என்றுதானே சொன்னார்கள் என்ற கேள்வியும் வரும். 1965 முதல் 1979 வரையிலான ஆய்வுக்கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, குளிர்ச்சியை எதிர்பார்த்தவை 7, வெப்பமாதலை எதிர்பார்த்தவை 44, இரண்டுக்கும் இடையில் 20.

சூரியனா, வாயுவா

மனாபேயும் வெதரால்டும் 1967இல் காற்றை ஒற்றைத் தூணாக வைத்துக் கணினியில் கணக்கிட்டார்கள். இரட்டிப்புக்கு 2.3 டிகிரி அளவு வந்தது. மாணவருக்கு அதைவிட முக்கியமான விடை ஒன்று அதில் இருக்கிறது: கீழடுக்கு சூடாகும்போது மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிரும். சூரியன் உக்கிரமாகியிருந்தால் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். இரண்டு படங்களையும் கொடுத்து, எந்த அளவீடு இவ்விரண்டையும் பிரிக்கும் என்று கேளுங்கள். பிறகு செயற்கைக்கோள்களும் பலூன்களும் மேலடுக்கு குளிர்ந்துவருவதைக் காட்டின என்று சொல்லுங்கள். 2021இல் மனாபே இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கடைசி பீரியட் ராமநாதனுக்கு. மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, குளிர்பதன நிறுவனத்தில் வேலை பார்த்தவர் வீரபத்ரன் ராமநாதன். 1975இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்தபோது, குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்களும் பசுமை இல்ல வாயுக்கள்தான் என்று காட்டினார். அரீனியஸுக்கு நிலா அளவீடு தந்த அதே லாங்லியின் பெயரைத்தான் அந்த மையம் தாங்கியிருக்கிறது. அவற்றின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வேலை செய்கிறது. ஏன்? ஜன்னலுக்குத் திரும்புங்கள். மற்ற வாயுக்கள் திறந்து விட்டிருக்கும் அந்த இடத்தில்தான் இவை உறிஞ்சுகின்றன. திறந்த ஜன்னலில் போடும் முதல் திரைக்கு இருக்கும் வலு, ஏற்கெனவே மூடிய ஜன்னலில் போடும் இன்னொரு திரைக்கு இருக்காது.

ஓசோன் ஓட்டை வழியாக வெயில் புகுந்து பூமி சூடாகிறது என்ற குழப்பம் தலைதூக்குவது இந்த இடத்தில்தான். இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள்: ஒரே வாயு, இரண்டு வேலை. மேலே புற ஊதாக் கதிரில் உடைந்து குளோரின் விட்டு ஓசோனைத் தின்பது ஒன்று. உடையாமல் இருக்கும்வரை ஜன்னலை மறைப்பது இன்னொன்று.

மீதி நேரத்தில் துப்பாக்கி வெப்பமானியோடு மைதானத்துக்குப் போங்கள். கருவி பத்து நிமிடம் நிழலில் இருக்கட்டும், வகுப்பறையிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் பிசகும். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. காலையோ மாலையோ நல்லது. நேர் உச்சியில் மேகமில்லாத இடத்தில் ஒரு வாசிப்பு, உச்சியிலிருந்து 60 டிகிரி சாய்த்து இன்னொன்று, மேகத்தின் அடியில் ஒன்று. மரமோ கட்டடமோ வட்டத்துக்குள் வரக் கூடாது. 60 டிகிரி சாய்வில் கதிர் கடக்கும் காற்று சரியாக இரட்டிப்பாகிறது, லாங்லியின் நிலாவைப் போல. சாய்ந்த வாசிப்பு உச்சி வாசிப்பைவிடச் சூடாக இருக்கும், மேகம் அதைவிடச் சூடாக இருக்கும். பக்கத்தில் அன்றைய ஈரப்பதத்தையும் எழுதி வையுங்கள். ஜனவரியின் வறண்ட காலை ஒன்றிலும் ஐப்பசி மழைக்கு இடையே வானம் தெளியும் ஒரு நாளிலும் இதே மூன்றையும் மறுபடி எடுத்தால், உச்சி வாசிப்புகள் இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பிள்ளைகளே கழித்துப் பார்ப்பார்கள்.